மூன்றாம் எச்சரிக்கை இரவில் ஒரு ஹாங்காங் படம்

மொரிசியஸில் சூறாவளி எச்சரிக்கைக்கு நான்கு படிகள். முதல் இரண்டு படிகளில் ரொட்டி, மெழுகுவர்த்தி, டின் மீன் என்று வாங்கிச் சேர்ப்போம். மூன்றாம் படி அறிவித்துவிட்டால் பஸ் ஓடாது, கடை திறக்காது. யார் யார் எங்கே இருக்கிறோமோ அங்கேயே ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டியதுதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரியில், அப்படி அடைபட்ட ஓர் இரவில், எங்கள் வீட்டுக் கூடத்தில் எட்டுப் பேர் சேர்ந்து 'இன் தி மூட் ஃபார் லவ்' பார்த்தோம். அந்தப் படத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவதற்கு முக்கியக் காரணம் என் மாமியார்.

எங்கள் வீடு ரோஸ் ஹில்லில் ஒரு லாகூரில் இருக்கிறது. இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு முற்றம், அதைச் சுற்றி அண்ணன் தம்பிகளின் வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரே கேட். இந்தக் குடியிருப்புக்குத்தான் கிரியோலில் லாகூர் என்று பெயர். யார் எத்தனை மணிக்கு வந்தார், கையில் என்ன பை, முகம் எப்படி இருந்தது என்பதெல்லாம் கேட்டிலிருந்து வாசற்படிக்கு வருவதற்குள் நான்கு வீட்டுக்கும் தெரிந்துவிடும். அன்று கொழுந்தனார் வீட்டுத் தகரக் கூரையை நம்ப முடியாததால் அவரும் ஓரகத்தியும் மகனும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். என்னோடு ஒரே தொடக்கப் பள்ளியில் நெடுங்காலம் சீன மொழி கற்பித்த தோழி ஒருவர் போர்ட் லூயிஸில் தனியாக இருக்கிறார். இரண்டாம் எச்சரிக்கையின்போதே என் கணவர் போய் அவரை அழைத்து வந்துவிட்டார். மடிக்கணினியைத் தொலைக்காட்சியில் இணைத்தவள் என் மகள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

படம் அவளுடைய தேர்வு. முழுதாக அவளும் பார்த்திருக்கவில்லை. சிவப்புத் திரைச்சீலைகள் ஆடும் நீண்ட நடைவழி, மழையில் தெருவிளக்கடியில் நிற்கும் ஆண், உயரமான கழுத்துப்பட்டி வைத்த சீன உடையில் படியிறங்கும் பெண் என்று தனித்தனிப் படங்களாகத்தான் பார்த்திருந்தாள். அந்தத் தனிப்படங்களே அவளை மயக்கியிருந்தன. சித்தப்பாவைச் சம்மதிக்க வைக்க, 2016ல் பிபிசி நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் இந்த நூற்றாண்டின் சிறந்த படங்களில் இதற்கு இரண்டாம் இடம் கிடைத்தது என்றெல்லாம் சொன்னாள். "பாட்டு உண்டா?" என்பது மட்டும்தான் அவருடைய கேள்வி. உண்டு என்றாள். அது பொய்யில்லை. அமெரிக்கப் பாடகர் நாட் கிங் கோல் ஸ்பானிய மொழியில் பாடுகிறார்.

நான் அந்தப் படத்தை ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருந்தேன். படம் 2000ல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, அதன் நாயகன் டோனி லியுங்குக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்த பிறகு, வசனம் பிரெஞ்சு எழுத்துகளில் திரையடியில் ஓடும் ஒரு வட்டு எங்கள் கைக்கு வந்தது. அப்போது எனக்குத் திருமணமாகிச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பார்த்து முடித்ததும் கணவரிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. இது துணிக்கடை விளம்பரம், உள்ளே மனிதர்களே இல்லை என்று சொன்னேன். அழகு அதிகமாக இருந்தால் உண்மை குறைவாகத்தான் இருக்கும் என்று அந்த வயதில் உறுதியாக நம்பினேன்.

படத்தின் கதை மிகச் சிறியது. 1962, ஹாங்காங். ஷாங்காயிலிருந்து வந்து குடியேறியவர்கள் நெருக்கியடித்து வாழும் ஒரு கட்டடத்தில், அடுத்தடுத்த இரண்டு வீடுகளில், ஒரே நாளில் இரண்டு தம்பதிகள் வாடகைக்கு அறை பிடிக்கிறார்கள். திரு. சௌ பத்திரிகையில் வேலை செய்பவர். திருமதி சான் ஒரு கப்பல் கம்பெனியில் செயலாளர். ஒருவருடைய கணவனும் மற்றவருடைய மனைவியும் உறவு வைத்திருப்பது இருவருக்கும் மெல்லத் தெரியவருகிறது. அது தெரிவதும் ஓர் உணவகத்தில், ஒரு கைப்பையையும் ஒரு கழுத்து டையையும் பற்றிய மரியாதையான பேச்சில். அந்த உறவு எப்படித் தொடங்கியிருக்கும் என்று இருவரும் நடித்துப் பார்க்கிறார்கள். நடித்துப் பார்க்கப் பார்க்கத் தங்களுக்குள்ளும் ஒன்று வளர்வதை அறிகிறார்கள். நாம் அவர்களைப் போல ஆகமாட்டோம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஆகவும் இல்லை. அவ்வளவுதான்.

படம் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மாமியார் என்னிடம் கேட்டார்: "இதுதான் அந்த ஹாங்காங்கா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருபத்தாறு ஆண்டுகள் இருக்கின்றன. 1970ல் இங்கே ஏற்றுமதி வலயச் சட்டம் வந்த பிறகு ஹாங்காங் முதலாளிகள் பலர் இங்கே ஸ்வெட்டர் ஆலைகளைத் திறந்தார்கள். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அவர்களுடைய ஊரிலிருந்து அனுப்பக்கூடிய துணிக்கு அளவுக் கட்டுப்பாடு இருந்தது. எங்கள் தீவிலிருந்து ஐரோப்பாவுக்குத் தீர்வையில்லாமல் அனுப்ப வழி இருந்தது. வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதற்கு முன் கூலி என்று தனியாகக் கையில் வாங்கியே பழகாத பெண்கள். மாமியார் அப்படி ஓர் ஆலையில் கழுத்து வேலை செய்தார். வட்டமான ஓர் இயந்திரத்தின் விளிம்பு முழுக்க முட்கள் இருக்கும். பின்னிய உடலின் கண்ணிகளையும் கழுத்துப்பட்டியின் கண்ணிகளையும் ஒவ்வொன்றாக அந்த முட்களில் கோக்கவேண்டும். ஒரு கண்ணி தவறினால் கழுத்தே பிரிந்துவிடும். கண் போகும் வேலை அது. அந்த அளவுக் கட்டுப்பாட்டை வைத்திருந்த பன்னாட்டுத் துணி ஒப்பந்தத்தின் காலம் முடியப்போன சமயத்தில் ஆலையை மூடிவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனவர்கள் திங்கட்கிழமை போகவில்லை. முதலாளியை மாமியார் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாராம். ஹாங்காங் என்பது அவருக்குப் பெட்டிகளின் மேல் ஒட்டிய ஒரு பெயர். இப்போது அந்த ஊர் மழையோடும் சுவர்க்கறையோடும் முன்னால் வந்து நின்றது. அதில் ஒரு சிறு விஷயத்தை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை: திரையில் தெரிந்த பழைய ஹாங்காங்கின் பெரும்பகுதி உண்மையில் பாங்காக்கில் படமாக்கப்பட்டது. 1962ன் தெருக்கள் ஹாங்காங்கிலேயே அப்போது மிச்சமில்லை.

பிறகு கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமும் இல்லாமல் சொன்னார்: "உடை மாறிவிட்டது. இது வேறு நாள்."

நானும் மகளும் திரும்பிப் பார்த்தோம். அந்தப் பெண் கையில் சூப்பு வாங்கும் ஃபிளாஸ்க்கோடு குறுகிய படிகளில் இறங்குகிறாள், ஏறுகிறாள். வயலின் ஒலிக்கிறது. ஷிகெரு உமெபயாஷியின் இசை. அது முதலில் 1991ல் வேறொரு படத்துக்காக எழுதப்பட்டது. அதே படி, அதே விளக்கு, அதே நடை. எங்களுக்கு அது ஒரே காட்சி. மாமியாருக்கு மட்டும் அவை வெவ்வேறு நாட்கள். துணி வேறு, கழுத்துப்பட்டி வேறு. நாட்கள் போய்க்கொண்டிருக்கின்றன, அவள் ஒவ்வொரு மாலையும் தனியாக நூடுல்ஸ் வாங்கப் போகிறாள், அவள் கணவன் ஊரில் இல்லை. இத்தனையையும் துணியைப் பார்த்தே படித்துவிட்டார். படம் பார்க்கிறவர்களில் பலர் அந்த உடைகளை அழகு என்று எண்ணிக் கடந்து போகிறார்கள். அவை இந்தப் படத்தின் நாட்காட்டி என்பதை எந்த விமர்சனமும் படிக்காத, பிரெஞ்சு எழுத்துகளை வேகமாக வாசிக்கவும் முடியாத ஒரு முதியவர் முதல் அரை மணி நேரத்தில் சொன்னார்.

அப்புறம் மின்சாரம் போனது.

போன இடம் இன்னும் எனக்கு வியப்பாக இருக்கிறது. அந்தப் பெண் அவனுடைய அறையில் இருக்கிறாள். எதிர்பாராமல் வீட்டுக்காரர்கள் திரும்பி வந்து மாஜோங் என்னும் சீனக் கட்டை விளையாட்டை ஆடத் தொடங்கிவிடுகிறார்கள். ஆட்டம் விடிய விடிய நடக்கிறது. இருவருக்கும் இடையில் எதுவும் நடக்கவில்லை, ஆனாலும் அவளால் கதவைத் திறந்து வெளியே வர முடியவில்லை. ஒரே அறையில் அடைபட்டுக் கிடக்கிறார்கள். அந்த இடத்தில் எங்கள் கூடம் இருண்டது. வெளியே காற்று கேட்டை ஆட்டிக்கொண்டிருந்தது. மெழுகுவர்த்தி ஏற்றினோம். எட்டுப் பேரும் அந்த மூடிய கதவைப் பற்றியே பேசினோம். கிரியோலில் நடந்த பேச்சு அது. என்னால் முடிந்தவரை தமிழில் தருகிறேன்.

கொழுந்தனார் பொறுமை இழந்திருந்தார். "இவ்வளவு நேரம் ஒன்றும் நடக்கவில்லையே. நடக்கிறாள், சாப்பிடுகிறார்கள், மழை பெய்கிறது. கதை எப்போது தொடங்கும்?" உலகம் முழுக்க இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் சொல்லும் புகார் அது. நானும் ஒரு காலத்தில் அதைத்தானே சொன்னேன்.

ஓரகத்தியின் குறை வேறு. அதை நான் வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. துரோகம் செய்த அந்தக் கணவன் முகத்தையும் மனைவி முகத்தையும் படம் கடைசிவரை காட்டவே இல்லை. முதுகும் குரலும்தான். "அந்த இரண்டு பேர் முகத்தையும் காட்டியிருக்கவேண்டும். யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை," என்றார். நான் நெடுநேரம் இதை நினைத்துக்கொண்டிருந்தேன். திட்ட ஒரு முகம் கிடைத்திருந்தால் எங்கள் கோபம் முழுவதும் அங்கே போய் ஒட்டிக்கொண்டிருக்கும். நாங்கள் எட்டுப் பேரும் நல்லவர்கள் பக்கம் நின்று நிம்மதியாகப் படம் பார்த்திருப்போம். இயக்குநர் வோங் கார்-வாய் அந்த நிம்மதியை எங்களுக்குத் தரவில்லை. அந்தப் பெண்ணின் வலியோடு நேருக்கு நேர் உட்காரவைத்துவிட்டார்.

மகளுக்குத்தான் உண்மையான கோபம். "தப்பே செய்யவில்லையே அம்மா. கதவைத் திறந்து, வணக்கம் சொல்லி, நடந்து போகவேண்டியதுதானே? எதற்கு ஒளிந்துகொள்ள வேண்டும்? தப்பு செய்தவர்கள் ஜப்பானில் சுகமாக இருக்கிறார்கள், செய்யாதவர்கள் செருப்புச் சத்தம் வெளியே கேட்டுவிடுமோ என்று பயப்படுகிறார்கள்."

அதற்குத் தோழி பதில் சொன்னார். அவருடைய குடும்பம் தென் சீனாவின் மெய்ஷியனிலிருந்து வந்த, ஹக்கா என்ற சீன மொழி பேசும் குடும்பம். இங்குள்ள சீனர்களில் பெரும்பாலோரைப் போல கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர்கள். கடைக்குப் பின்னால் வீடு. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. கடன் நோட்டோடு வருகிற ஊரார் எல்லாருக்கும் அந்தத் தடுப்புக்குப் பின்னால் யார் இருமுகிறார்கள், யார் அழுகிறார்கள் என்று தெரியுமாம். "கதவைத் திறப்பது எளிது, குழந்தாய். மறுநாள் காலை அதே கதவு வழியாகத் தண்ணீர் பிடிக்கப் போகவேண்டும். அதுதான் முடியாது," என்றார்.

தோழி கவனித்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். வீட்டுக்காரம்மா பேசுவது ஷாங்காய் மொழி, அந்தப் பெண் பதில் சொல்வது காண்டனீஸ். தோழிக்குத் தெரிந்தது ஹக்காவும் மந்தாரினும். ஆகவே சீனரான அவரும் எங்களோடு சேர்ந்து பிரெஞ்சு எழுத்துகளைத்தான் படித்துக்கொண்டிருந்தார். ஆனால் இரண்டு மொழிகள் ஒரே சாப்பாட்டு மேசையில் உரசுவது அவர் காதுக்குக் கேட்டது. "இவர்கள் எல்லாரும் ஊரை விட்டு வந்தவர்கள். அதனால்தான் இவ்வளவு இறுக்கம்," என்றார். வோங் கார்-வாயும் 1958ல் ஷாங்காயில் பிறந்து, ஐந்து வயதில் ஹாங்காங் வந்தவர். வீடு, ஊர், சொத்து எல்லாம் பின்னால் போய்விட்ட மக்கள் கடைசியில் எதைப் பிடித்துக்கொள்வார்கள்? சாப்பாட்டு நேரத்தை, உடுத்தும் முறையை, யார் யாரிடம் எப்படிப் பேசவேண்டும் என்பதை. எங்களுக்கு இது தெரியாதா? எங்கள் வீடுகளிலிருந்து தமிழ்ப் பேச்சு போய் எத்தனையோ காலமாகிறது. நான் அதைப் பள்ளியில் பாடமாகத்தான் கற்பிக்கிறேன். ஆனால் காவடிக்கு முந்தைய பத்து நாள் விரதத்தில் ஒரு நாள்கூடத் தவறுவதில்லை. வாழையிலையில் ஏழு கறி எந்த வரிசையில் வைக்கவேண்டும் என்பதில் இன்றும் சண்டை வரும். மொழி நழுவும்போது முறை இறுகுகிறது.

படத்தில் அந்த வீட்டுக்காரம்மா கெட்டவர் அல்ல. அவள் தனியாக இருக்கிறாளே என்று தினமும் சாப்பிடக் கூப்பிடுகிறார். பிறகு ஒரு நாள், இளம் வயதில் சந்தோஷமாக இருக்கவேண்டியதுதான், ஆனால் அடிக்கடி வெளியே போகிறாயே என்று அன்பாகவே சொல்கிறார். அந்த ஒரு வாக்கியம் போதும். மறுநாள் அவள் வெளியே போவதில்லை. மாஜோங் ஆட்டத்தை வேடிக்கை பார்த்தபடி ஒரு கண்ணாடித் தம்ளரோடு நிற்கிறாள். இங்கே நாங்கள் வளர்ந்ததெல்லாம் 'கி திமூன் பு தீர்' என்ற நான்கு கிரியோல் சொற்களுக்குள். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பொருள். தமிழில் இதற்கு இதைவிட நுட்பமான சொற்கள் உண்டு. வாய்க்குள்ளேயே முணுமுணுக்கும் பேச்சு அம்பல். ஊரறிய எழுந்துவிட்டால் அலர். அகப்பாடல்களில் அலர் எழுந்தால் காதலர்களுக்கு ஒரு வழி பிறக்கும். ஒன்று திருமணம் நெருங்கும், அல்லது உடன்போக்கு. குறளிலும் அலருக்கு ஓர் அதிகாரமே உண்டு. அலரால் காதல் வளரும் என்று அங்கே காதலன் மகிழ்கிறான். இந்தப் படத்தில் அலர் எழவே இல்லை. எல்லாமே அம்பலோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் அவர்களுக்கு எந்த வழியும் பிறக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மகள் கேட்ட கேள்விக்கு அன்றிரவு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். அவள் அந்தக் கதவைத் திறக்கிறவளாகவே இருக்கட்டும்.

மாமியார் அந்தப் பேச்சு முழுவதும் மௌனமாக இருந்தார். மெழுகுவர்த்தி பாதி கரைந்த பிறகுதான் சொன்னார்.

"அந்தக் கழுத்துப்பட்டி சாதாரண உயரம் இல்லை. உள்ளே விறைப்புத் துணி வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு தலை குனிய முடியாது. அவள் நேராக நிற்பது அவள் மட்டும் நிற்பது இல்லை, துணியும் சேர்ந்து நிறுத்துகிறது."

இதைத்தான் நான் இத்தனை ஆண்டுகள் புரிந்துகொள்ளாமல் இருந்தேன். திருமதி சானாக நடித்த மேகி சியுங் அந்தப் படத்தில் சியோங்சாம் என்னும் அந்தச் சீன உடையில் இருபதுக்கும் மேற்பட்டவற்றை உடுத்துகிறார். அவற்றை உருவாக்கிய வில்லியம் சாங் அதே படத்தின் படத்தொகுப்பாளரும்கூட. ஒரே கை துணியையும் வெட்டியது, காட்சியையும் வெட்டியது. நடைபாதையின் சட்டங்கள், கதவிடுக்கு, கண்ணாடி, பாதி மறைக்கும் திரைச்சீலை என்று கேமராவும் அவளை ஒன்றுக்குள் ஒன்றாக அடைத்தே காட்டுகிறது. இளமையில் நான் இதை அலங்காரம் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணுக்கு வேறு எந்தக் காப்பும் இல்லை என்பதை நினைக்கவில்லை. கணவன் ஏமாற்றியது வெளியே தெரியக்கூடாது, தனக்குள் வளர்வது தனக்கே தெரியக்கூடாது. நூடுல்ஸ் வாங்கக்கூட அவ்வளவு நேர்த்தியாக உடுத்துகிறாளே என்று படத்திலேயே ஒருவர் வியக்கிறார். அந்த நேர்த்தி கலைந்தால் அவள் கலைந்துவிடுவாள். 'அழகான படம், ஆனால் வெறும் ஸ்டைல்' என்பவர்களுக்கும், 'கதை எதற்கு, அழகு போதும்' என்பவர்களுக்கும் நான் இதையே சொல்வேன். இரு தரப்பும் அழகைக் கதையிலிருந்து பிரித்துவிட்டுப் பேசுகிறீர்கள். அந்தக் கழுத்துப்பட்டியில்தான் கதை இருக்கிறது.

எள் பாயசக் காட்சியை நினைத்துப் பாருங்கள். அவனுக்கு உடம்பு சரியில்லை, கறுப்பு எள் கூழ் சாப்பிட ஆசை என்று நண்பன் போகிற போக்கில் சொல்கிறான். அவள் ஒரு பெரிய பானை நிறையக் காய்ச்சி வீட்டில் எல்லாருக்கும் கொடுக்கிறாள். எல்லாருக்கும் கொடுத்தால்தான் ஒருவனுக்குக் கொடுத்தது மறையும். காதலை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன காட்சி வேறொன்றை நான் பார்த்ததில்லை. தாம்பத்தியத்திலும் இப்படி ஒருவருக்காகப் பானை நிறையச் சமைத்த நாட்கள் உண்டு. அதற்கு மேல் சொல்ல விரும்பவில்லை.

மறுநாள் பிற்பகல் எச்சரிக்கையை விலக்கினார்கள். மின்சாரம் மாலையில் வந்தது. கொழுந்தனாரும் என் கணவரும் முற்றத்தில் விழுந்த மாமரக் கிளையை வெட்டப் போய்விட்டார்கள். மாமியார், தோழி, மகள், நான் நால்வரும் மிச்சத்தைப் பார்த்தோம். அவன் போய்ச் சேர்ந்த சிங்கப்பூரில் அவள் அவன் அறைக்குள் போய், தொலைபேசியில் ஒன்றும் பேசாமல் வைத்துவிடும் இடத்தில் மகள் எழுந்து சமையலறைக்குப் போனாள். தேநீர் போட என்றாள். தேநீர் வரவில்லை. 1966ல் பிரெஞ்சு அதிபர் டி கோல் கம்போடியாவுக்கு வந்த செய்திப்படம் திடீரென்று வந்தபோது தோழி நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை உலகம் என்பது ஒரு நடைவழி அகலம்தானே. அதன்பின் அங்கேயுள்ள பழைய கோயில் அங்கோர் வாட். சுவரில் ஒரு துளை, அதில் வாய்வைத்து அவன் ரகசியத்தைச் சொல்வது, அதை அடைப்பது. என்ன சொன்னான் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

படத்தின் சீனப் பெயருக்கு, பூவைப்போன்ற ஆண்டுகள் என்று தோழி பொருள் சொன்னார். இளமையின் உச்சத்தைச் சொல்லும் வழக்காம். அந்தப் பெயரில் ஒரு பழைய பாட்டு உண்டு, படத்தில் அது வானொலியில் ஒலிக்கிறது.

தோழியை போர்ட் லூயிஸில் விட்டுவிட்டுத் திரும்பியபோது மாமியார் அதே நாற்காலியில் இருந்தார். உடைகளை எண்ணினீர்களா அத்தை என்று கேட்டேன். எண்ணுவார் என்று எனக்குத் தெரியும். ஆலையில் மாலை மணி அடிக்கும்வரை எண்ணியே பழகியவர்.

"பதினேழு வரை எண்ணினேன்," என்றார். "பிரிவதற்கு முன், பிரிவது எப்படி இருக்கும் என்று நடித்துப் பார்க்கிறார்களே, அவள் அவன் தோளில் சாய்ந்து அழுகிறாளே. அங்கே விட்டுவிட்டேன். அன்று அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று எனக்கு நினைவில்லை."